மூக்குக்கு ஒரு லென்ஸ்

"பூவா, பூச்சியா, நகையா?" என்று கேட்டார் மொஹ்சின் பாய்.

வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடிப்படி ஏறினால் அவருடைய கடை. பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறார். காலேஜ் பிள்ளைகளுக்கு இப்போது ஃபிலிம் பைத்தியம் பிடித்திருப்பதால் வியாபாரம் ஓஹோவென்று ஓடுகிறது. கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கச் சாமான் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான் தேவைப்படும். அதனால்தான் அந்தக் கேள்வி.

"மூக்கு" என்றார் கிருஷ்ணப்பன்.

"மூக்குத்தியா? அப்ப நகைன்னு சொல்லேன்."

"மூக்குத்தி இல்ல பாய். மூக்கு. மூக்குக்குள்ள."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆளை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை, விரல் மூட்டுகளில் வட்ட வட்டமாகப் பழைய தழும்பு. "இன்னா நைனா, போணி ஆவுற நேரத்துல வந்து டபாய்க்கிறியா?" என்றார்.

கிருஷ்ணப்பன் மேஜையை நெருங்கினார். மேஜை விளக்கைத் தன் பக்கம் திருப்பி, தலையை அண்ணாந்து, இடது மூக்குத் துவாரத்தை விளக்குக்கு நேராகக் காட்டினார். வலது துவாரத்தின் உள்பக்கம் செக்கச்செவேலென்று எரிந்தது. இந்தப் பக்கம் அடித்த வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. நடுவில் சுவர் இல்லை.

"யா அல்லா!" என்று பாய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

கிருஷ்ணப்பனுக்கு விம்கோ நகரில் வீடு. பத்தொன்பது வயதில் திருவொற்றியூரில் ஒரு குரோம் பட்டறையில் சேர்ந்தவர். துறைமுகத்துக் கிரேன்களுக்கும் லாரிகளுக்கும் போகிற இரும்புத் தண்டுகளைத் தொட்டியில் தொங்கவிட்டு, கரண்ட் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு ஏற்றுவது வேலை. தொட்டியில் இருப்பது செம்மஞ்சள் அமிலம். கரண்ட் ஏறியதும் அது நுரைக்கும், நுரையிலிருந்து மஞ்சள் புகை கிளம்பும். புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய ஃபேன் உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அது ஓடும். மற்ற நாட்களில் அதற்கு ஓய்வு.

அந்தப் புகை மூக்கின் நடுச்சுவரைத் தின்னும். முதலில் ஒரு புண் வரும். காய்ந்து பொருக்குத் தட்டும். உதிர்ந்து மறுபடி வரும். கடைசியில் ஒரு நாள் சத்தமில்லாமல் ஓட்டை விழும். வலி இருக்காது என்பதுதான் இதில் இருக்கிற சூது. பல் வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன், வலிக்காத ஓட்டைக்கு எங்கே ஓடுவான்? யாரும் ஓடவில்லை. ஓடாமல் இருந்ததோடு விட்டார்களா, அதற்கு விழா வேறு எடுத்தார்கள்.

அந்தப் பட்டறையில் ஓட்டைக்குப் பெயர் ஜன்னல். புதிதாக வந்தவனுக்கு ஜன்னல் திறந்துவிட்டால் தொட்டி அவனை ஏற்றுக்கொண்டது என்று கணக்கு. ஆயுத பூஜையன்று தொட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு, ஒரு டிரம்மைக் கவிழ்த்து அவனை அதன்மேல் உட்கார வைப்பார்கள். மூத்த ஆளான அம்புரோஸ் மஞ்சள் தடவிய நூலை ஒரு துவாரத்தில் விட்டு மறு துவாரம் வழியாக இழுப்பார். விசில் பறக்கும். தோளில் புதுத் துண்டு விழும். அன்றிலிருந்து அவன் எடுபிடி இல்லை, தொட்டி ஆள். கிருஷ்ணப்பனும் ஒரு ஆயுத பூஜையன்று அந்த டிரம்மில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து புது மனைவி பூவம்மாவிடம் துண்டைக் காட்டி மார் தட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வாசனை போயிற்று. கருவாடு வறுத்தாலும் ஒன்றுதான், ஊதுவத்தி ஏற்றினாலும் ஒன்றுதான். மூக்கு என்று ஒன்று முகத்தில் சும்மா இருந்தது.

படிக்காத ஜனங்கள் என்று உச்சுக்கொட்டுவது சுலபம். முதலாளி படித்தவர்தான். அவர் தொட்டிப் பக்கம் கர்ச்சீப் இல்லாமல் வந்ததே கிடையாது. ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் லட்டு டப்பாவோடு வந்து, நூல் இழுப்பதைச் சிரித்துக்கொண்டே போனில் வீடியோ எடுப்பார். தெரிந்துகொண்டே சிரித்தவனை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்னும் வார்த்தை அகப்படவில்லை.

அம்புரோஸுக்கு இருமலில் ரத்தம் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. என்ன வேலை என்று கேட்ட டாக்டர், மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். "எங்க பட்டறையில அல்லாருக்கும் கீது சார்" என்று அம்புரோஸ் படுத்தபடியே பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. நுரையீரலில் கட்டி. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ராயபுரத்துக் கல்லறையில் அம்புரோஸுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அம்புரோஸின் மனைவி சிலுவையம்மாளும், கிருஷ்ணப்பனும், பட்டறை ஆட்கள் இன்னும் இரண்டு பேரும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். போட்ட வாரமே வேலை போயிற்று. அவர்களுக்கு வக்கீல் எழில்மொழி. பேச்சில் கறார், ஆனால் இவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்காருவார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. முதலாளி எடுத்த ஆயுத பூஜை வீடியோவைப் போட்டுக் காட்டினார். டிரம், மஞ்சள் நூல், விசில். "இவர்களே நூலை விட்டு இழுத்துக் கிழித்துக்கொண்டார்கள். விளையாட்டு வினையானதற்கு என் கட்சிக்காரர் என்ன செய்வார்?" என்றார். ஒருவன் கையை எடுத்தே அவன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அது அன்று அங்கே நடந்தது. சிலுவையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் தன் புருஷன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழில்மொழியும் படங்கள் வைத்திருந்தார். கிருஷ்ணப்பன் போனில் எடுத்தவை. நூல் கிழித்த ஓட்டை நீளமாக இருக்கும், புகை தின்ற ஓட்டை வட்டமாகப் பொருக்கு விளிம்போடு இருக்கும், ஆகவே விளிம்பைப் பாருங்கள் என்பது அவர் வாதம். ஆனால் அந்தப் போனுக்கு ஒரு குணம் உண்டு. எந்த முகத்தைக் கண்டாலும் கேட்காமலே பவுடர் பூசிவிடும். பொருக்கும் புண்ணும் போய், ஓட்டையின் விளிம்பு குழந்தைக் கன்னம்போல வழவழவென்று விழுந்திருந்தது. "படத்தில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்ல, படங்கள் ஓரம் கட்டப்பட்டன. டாக்டர் சீட்டில், மூக்கில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. எதனால் என்று இல்லை.

"ஃபிலிம்ல எடுங்க கிருஷ்ணப்பன்" என்றார் எழில்மொழி. "நெகடிவ் ரோலை வெட்டாம முழுசா என்கிட்ட குடுங்க. ஒவ்வொரு மூக்குக்கும் ரெண்டு படம். கையில நெகடிவ் இருந்தா அவங்களால அந்தப் பேச்சைத் திரும்பப் பேச முடியாது."

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர் மூக்கு என்றதும் முகம் சுளித்தார். இன்னொருவர், வேண்டுமானால் கம்ப்யூட்டரில் நன்றாகச் சிவப்பாக்கித் தருகிறேன் என்று உதவிக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் கிருஷ்ணப்பன், நானே எடுக்கிறேன் என்று வண்ணாரப்பேட்டை மாடிப்படி ஏறியது.

கதை முழுவதையும் கேட்டு முடித்த மொஹ்சின் பாய், கீழே குரல் கொடுத்து இரண்டு டீ வரவழைத்தார். பிறகு மேஜையில் சாமான்களைப் பரப்பினார்.

"இது வெறும் கண்ணாடி. லென்ஸ் மூஞ்சில மாட்டினா பூதக்கண்ணாடி கணக்கா பெருசா காட்டும். நடுவுல சோக்கா கீது, ஓரத்துல மசமசன்னு பூடும். ரோஜாப்பூவுக்குப் போதும், கோர்ட்டுக்குப் பத்தாது." அதை ஒதுக்கிவிட்டு, கறுப்புத் தோலில் மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத்தின் துருத்திபோல இருந்த ஒன்றை இழுத்துக் காட்டினார். "இத்த நடுவுல மாட்டினா கொசுவோட கண்ணக் கூட எடுக்கலாம். ஆனா ஸ்டாண்டு வோணும், ஆள் செல மாதிரி குந்தணும். உன் ஆளுங்க மூச்சு உட்டாலே ஆடிப்பூடும். அதுவும் இது மடிப்புல பொத்தல் உய்ந்துகீது. ஓட்டைய எடுக்க ஓட்ட சாமான வாங்கினு போவியா?"

கடைசியில் இரண்டு வழிதான் நின்றது. ஒன்று, நீளமான மேக்ரோ லென்ஸ். ஒரு முழம் தள்ளி நின்றே மூக்குக்குள் பார்க்கலாம். அதன் மூக்கில் வளையமாக ஒரு ரிங் ஃபிளாஷ் மாட்டலாம், வெளிச்சம் நேராகக் குழிக்குள் போகும். ஆனால் அது ஒரு கறுப்புக் கேமராவுக்குத்தான் பொருந்தும். உடம்பெல்லாம் பிளாஸ்டிக், பெயின்ட் வேறு உரிந்திருந்தது. இன்னொன்று, சாதாரண லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற வெற்று வளையங்கள். ட்யூப் என்பார்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்றுதான். மாட்டினால் கிட்டே கிட்டே போகலாம். அது பொருந்துகிற கேமராவைப் பாய் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார்.

கிருஷ்ணப்பன் அதைத் தொட்டதோடு சரி, முடிவு ஆகிவிட்டது. பித்தளை உடம்பு, மேல்தட்டில் வெள்ளி நிறக் குரோம். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். நாற்பது வருடம் ஆகியும் ஒரு கொப்புளம் இல்லை, ஒரு பொரிவு இல்லை, மூலைகளில்கூட தடிமன் குறையவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எந்த ஊர்த் தொட்டியோ, எவன் நின்றானோ.

"இன்னாமா ஏத்திகீறான் பாய்!" என்றார். முகமே மலர்ந்துவிட்டது.

"நைனா, நீ மூக்க எடுக்க வந்தியா, முலாம் பாக்க வந்தியா? கறுப்ப வாங்கு. வெளிய கலீஜா கீதுன்னு பாக்காத."

"கிட்டப் போனாத்தான பாய் நல்லா தெரியும்? தள்ளி நின்னுகினு இன்னாத்த பாக்குறது?"

"கிட்டப் போறது வேற, கிட்டத்துல எடுக்குறது வேற." பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, எடுத்துகினு போ. பட்டாத்தான் திருந்துவ."

தன்னைத் தின்ற தொழில்மேல் மனிதனுக்கு இத்தனை பாசம் எதற்கு என்று கேட்கலாம். வயிறு நிறைய வைத்ததும் அதுதானே. குரோமைப் பார்த்துக் கேமரா வாங்குகிற தப்பை ஒரு தொட்டி ஆள்தான் செய்வான். கிருஷ்ணப்பன் அதைச் செய்தார்.

முதல் ரோல் நாசமாய்ப் போயிற்று. ட்யூப் மாட்டிய லென்ஸ் உதட்டை இடிக்கிற தூரம் போனால்தான் மூக்கின் உள்பக்கம் தெளிந்தது. அந்தத் தூரத்தில் எதிராளியின் மூச்சு பட்டுக் கண்ணாடி வேர்த்தது. மூச்சை அடக்கச் சொன்னால், புகை தின்ற நெஞ்சில் அடங்குகிற மூச்சா இருக்கிறது? இருமல்தான் வந்தது. கேமராவின் தலைமேல் இருந்த ஃபிளாஷ் மூக்கைத் தாண்டி நெற்றியில் அடித்தது. கழுவி வந்த படங்களில் மூன்று பேருடைய நெற்றியும் விபூதி பூசினது மாதிரி பளிச்சென்று இருந்தது. மூக்கு இருக்கிற இடத்தில் இருட்டு.

பாய் அதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. குரோம் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, கறுப்புக் கேமராவையும் நீள லென்ஸையும் ரிங் ஃபிளாஷையும் பையில் போட்டுக் கொடுத்தார். "ஃபோகஸ் வளையத்தத் திருப்பிகினு லோல் படாத. அத்த ஒரே இடத்துல நிறுத்திட்டு நீ முன்னால பின்னால ஆடு. ஒரு அரிசி தடிமனுக்குத்தான் தெளிவா தெரியும். அந்த அரிசி நீ பாக்குற எடத்துல வந்து நின்னுச்சுன்னா, அமுக்கிடு. யோசிக்காத. யோசிச்சா பூடும்."

அந்த யோசிக்காதே என்பதைக் கிருஷ்ணப்பன் நன்றாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கேமராவை வைத்துக்கொண்டு ஆடி ஆடிப் பழகினார். முதலில் பூவம்மாவின் மூக்குத்தி, பிறகு வாழைப்பழத்தின் கறுப்புப் புள்ளி, பிறகு தன் விரல் தழும்பு. "இன்னாய்யா இது, சாமி வந்தவன் மாதிரி ஆடினுகீற?" என்று பூவம்மா கேலி செய்தாள். ஆனால் கண் வைக்கிற துளையில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றதும், டார்ச்சை எடுத்துப் பக்கத்தில் நின்று அடித்துக்கொடுத்ததும் அவள்தான்.

இரண்டாவது ரோலில், வழக்கில் கூட இருந்த மற்ற இருவரையும் கிருஷ்ணப்பன் எடுத்தார். கிருஷ்ணப்பனை அவர் மகன் அறிவு எடுத்தான். அத்தனையும் அருமையாக வந்தன. மூக்குத் துவாரம் ஒரு பெரிய குகை மாதிரி. உள்ளே வட்டமாக ஓட்டை. சுற்றிலும் மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்கு. சோறு தின்கிற நேரத்தில் பார்க்கக் கூடாத படங்கள். எழில்மொழி ஒவ்வொன்றாக நகர்த்தி, வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். சொன்ன விதத்திலேயே இன்னும் ஏதோ பாக்கி இருப்பது தெரிந்தது. "ஆனா இது மூணுமே நூல் போன மூக்கு. முதல்ல நூல்தான் கிழிச்சது, அப்புறம் சீழ் பிடிச்சதுன்னு சொல்வாங்க. நூலே தொடாத மூக்கு ஒண்ணு வேணும். வேற பட்டறையா இருந்தா இன்னும் நல்லது. ஓட்டை விழக்கூடத் தேவையில்ல, புண் ஆரம்பிச்சிருந்தாப் போதும். அது ஒண்ணு இருந்தா அவங்க வீடியோ செத்துச்சு. யாராவது இருக்காங்களா?"

எழில்மொழிக்கு அறிவைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

அறிவுக்கு இருபத்துமூன்று வயது. மாத்தூரில் ஒரு குரோம் பட்டறையில் இரண்டு வருடமாக வேலை. சேர்த்துவிட்டது கிருஷ்ணப்பன்தான், அம்புரோஸ் படுப்பதற்கு முன்னால். வழக்கு வந்தபிறகு வேலையை விடச் சொன்னார். அறிவு கேட்கவில்லை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அவனும் விட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? "எங்க பட்டறை அந்தமாரி இல்ல நைனா. ஃபேன் எப்பவும் ஓடினுகீது, மாஸ்க் குட்த்துகீறாங்க. அங்க நூலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது" என்றான். கிருஷ்ணப்பனும் அதை நம்பினார். நம்பாவிட்டால் தூங்க முடியாது என்பதால் நம்பினார். தெருவில் கேட்டவர்களிடம், என் பையன் பட்டறை டீசன்டான பட்டறை என்று சொல்லிக்கொண்டார். ஒரு நாளும் மகனைத் தலை சாய்க்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

வக்கீல் கேட்டதைக் கிருஷ்ணப்பன் வீட்டில் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது. வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் வடிவுடையம்மன் முன்னால் நின்றார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. மகன் மூக்கில் புண் இருக்க வேண்டும் என்று கேட்டால், அவன் தான் பெற்ற பிள்ளை. இருக்கக் கூடாது என்று கேட்டால் அம்புரோஸ் செத்தது செத்ததுதான், சிலுவையம்மாளுக்குக் கைவிரிப்புதான், முதலாளி அடுத்த ஆயுத பூஜைக்கும் லட்டு வாங்குவார். பின்னால் நின்ற ஒரு அம்மா நகரச் சொல்லும்வரை அப்படியே நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

கடைசியில் கேட்டவன் அறிவுதான். "இன்னா நைனா பேஜாரா கீற? வக்கீலம்மா இன்னா சொன்னாங்க?" என்று நச்சரித்தான். அவர் சொன்னார். அறிவு எழுந்து போய், கேமராப் பையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தான்.

"எடுத்துப் பாத்துடு" என்றான். "இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிக்கலாம்ல."

பூவம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "எம் புள்ளைக்கு ஒண்ணியும் இருக்காது. நல்லா பாத்துக்கோ. பாத்துட்டு அந்தக் கருமத்த பாய் கைல குட்த்துட்டு வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அறிவை உட்கார வைத்தார்கள். அவன் தலையை நாற்காலி முதுகில் சாய்த்துக்கொண்டான். மூக்கை விரித்துப் பிடிக்க ஒரு ஹேர்பின்னை வளைத்து வைத்திருந்தார் கிருஷ்ணப்பன். பூவம்மா இடதுபக்கம் நின்று டார்ச் அடித்தாள். ரிங் ஃபிளாஷ் சார்ஜ் ஏறி, சிணுங்கி, சின்ன விளக்கு எரிந்தது.

கிருஷ்ணப்பன் கண்ணை வைத்தார். முதலில் எல்லாம் சிவப்பு மூட்டம். உடம்பை முன்னால் சாய்த்தார். மூக்கு மயிர் ஒன்று கயிறு மாதிரி வந்து, மறைந்தது. இன்னும் கொஞ்சம். ஈரமான தோல், சிவப்பாக, பளபளப்பாக, குறை இல்லாமல் வந்தது. நல்ல தோல். அவர் நெஞ்சு லேசாயிற்று. இன்னும் ஒரு அரிசி முன்னால் போனார்.

வந்து நின்றது. நடுச்சுவரில் கடுகளவு வெள்ளைப் பள்ளம். சுற்றி மஞ்சள் பொருக்கு, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ஒரு வளையம். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை, நூல் தொட்ட அடையாளம் எதுவும் இல்லை. வக்கீலம்மா கேட்டது அப்படியே, ஒரு குறை இல்லாமல், தெளிவான தெளிவாக இருந்தது.

"கெட்ச்சிடுச்சு!" என்று கத்தினார் கிருஷ்ணப்பன்.

கத்தியது சந்தோஷத்தில்தான். அதை மறைக்க முடியாது. கூட்டமான வண்டியில் சீட்டு கிடைத்தவன் குரல் அது. டார்ச் வெளிச்சம் ஆடியது, பள்ளம் இருட்டுக்குள் போய்விட்டது.

"லைட்ட ஆட்டாதடி! ஒயுங்கா புடி!" என்று கண்ணை எடுக்காமல் அதட்டினார். வெளிச்சம் திரும்பி வந்தது. அரிசி வந்து நின்றது. அமுக்கினார். ஃபிளாஷ் வெடித்தது.

அந்த வெளிச்சம் கண்ணில் பச்சையாக மிதந்து அடங்குகிற நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது. கேமராவை இறக்காமல் நின்றார். இறக்கினால் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"கீதா நைனா?" என்றான் அறிவு, தலையை அண்ணாந்தபடியே.

"கீது."

"ஓட்டையா?"

"இல்ல. இப்பதான் ஆரம்பிச்சுகீது."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அறிவு கொஞ்சநேரம் வாயால் மூச்சு விட்டான். பிறகு கேட்டான்: "அப்ப கேசுக்கு நல்லதுதான?"

கிருஷ்ணப்பன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு, அது உண்மை. "நல்லதுதான்டா" என்றார்.

பூவம்மா டார்ச்சை மகன் மடியில் வைத்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"ரெண்டு எடுக்கணும்னு சொன்னாங்கல்ல?" என்றான் அறிவு.

அறிவு மடியிலிருந்த டார்ச்சை எடுத்தான். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் ஹேர்பின்னைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் மூக்குக்குள் தானே வெளிச்சம் அடித்துக்கொண்டான்.

"எடு நைனா. ஆடாம குந்தினுகீறேன்."

அறிவு ஆடவில்லை. கிருஷ்ணப்பன்தான் ஆடினார். அந்த இரண்டாவது படத்துக்கு ஃபோகஸ் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.